டிடெக்டர் ஆராய்ச்சின்னா உண்மையில என்ன வேலை, அத படிச்சா பொழப்பு இருக்கா?

சுங்கை சிப்புட்லேருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. மக ஃபார்ம் 6 முடிச்சிட்டு யூபியூ யூனிவர்சிட்டி அப்ளிகேஷன்ல ஃபிசிக்ஸ்தான் போடுவேன்னு நிக்கிதாம், யாரோ ஒரு ஆராய்ச்சியாளர் பார்ட்டிக்கல் டிடெக்டர், ஆக்சிலரேட்டர் இன்ஸ்ட்ருமென்டேஷன்ல வேலை செய்யறாங்கன்னு எங்கயோ படிச்சிட்டு நானும் இததான் செய்யப் போறேன்னு சொல்லுதாம். வீட்ல யாருக்கும் அது என்னன்னே புரியல, மாமாமாருங்க எல்லாம் கடைசில டீச்சர் வேலைக்குத்தான் வந்து நிக்கணும்னு சொல்றாங்களாம். அது என்ன வேலை, நம்ம ஊரு பிள்ளைக்கு அதுல எடம் இருக்கா, இதான் கேள்வி.

அக்கா, நான் டிடெக்டர் எலக்ட்ரானிக்ஸ்ல பல வருஷம் வேலை செஞ்சவன், இப்ப கேன்சர் சிகிச்சைக்கான லீனாக் மெஷின் பக்கம் இருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் தெரிஞ்சு சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், மகளையும் பக்கத்துல உக்கார வச்சு படிங்க.

மொதல்ல ஒன்னு, இந்த வேலைன்னா தினமும் புதுசு புதுசா துகள் கண்டுபிடிக்கிறதுன்னு நெறைய பேரு நெனக்கிறாங்க, அப்படி கெடையாது. கருவி ஒரு நம்பர் சொல்லுது, அந்த நம்பர் உண்மையா பொய்யான்னு பாக்குறதுதான் இந்த வேலையோட முக்காவாசி. தோட்டத்துல பால் நிறுக்கற எடத்துல கிராணி மெட்ரோலாக் விட்டு பாப்பாருல்ல, பால்ல எவ்வளவு ரப்பர் எவ்வளவு தண்ணின்னு, அந்த சின்ன கருவி காட்டுறத வச்சுத்தான் கூலி. மரம் வெட்டுன கைக்கு தெரியும் இன்னைக்கு நல்ல பால்னு, ஆனா கணக்குல ஏறுறது கருவி சொல்றதுதான், கருவி சரியில்லன்னா மாசக் கடைசில சம்பளத்துல இடிக்கும். டிடெக்டர் ஆராய்ச்சியாளருங்க அந்த கருவிய செய்யறவங்க, செஞ்சிட்டு அத நம்பாம திரும்பத் திரும்ப சோதிக்கறவங்க. உங்க மக சொல்ற வேலை இதான்.

இப்ப கருவி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன், இத புரிஞ்சிக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரும். சார்ஜ் உள்ள ஒரு துகள் எந்த பொருளுக்குள்ள பாஞ்சு போனாலும் வழியில இருக்கற அணுக்கள்லேருந்து எலக்ட்ரான கழட்டி விட்டுட்டு போகும். நாம துகள பாக்கறதே இல்ல, அது கழட்டி விட்டுட்டு போன எலக்ட்ரானத்தான் பொறுக்குறோம். இப்ப பெரிய டிடெக்டர்ல எல்லாம் சிலிக்கான்தான், 0.3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு சிலிக்கான் தகட்டுல ஒரு துகள் பாஞ்சா சுமாரா 22,000 எலக்ட்ரான் கெளம்பும். 22,000ன்னா பெருசா தெரியுது, ஆனா கரண்ட் கணக்குல அது ஒன்னுமே இல்ல, பக்கத்துல ஒரு மோட்டார் ஓடுனா, எர்த் வயர் ஒழுங்கா இல்லன்னா, டியூப் லைட் மின்னுனா கூட அதவிட பெரிய சிக்னல் உள்ள வந்துடும். அதனால பிஎச்டி பிள்ளைங்க மாசக்கணக்குல செம்பு டேப் ஒட்டிக்கிட்டு, எர்த் எங்க எங்க சுத்துதுன்னு தேடிக்கிட்டு, துகளே இல்லாதப்ப கருவி என்ன காட்டுதுன்னு ராத்திரி பூரா பதிவு பண்ணிக்கிட்டு கெடப்பாங்க, இந்த வெறும் நேர அளவ பெடஸ்டல்னு சொல்லுவோம், அது தெரியாம மேல வர்ற எந்த நம்பருக்கும் மதிப்பு இல்ல.

அப்புறம் கதிர்வீச்சு அந்த சிலிக்கானையே கெடுக்கும். வருஷம் போகப் போக சும்மா இருக்கறப்பவே கரண்ட் கசியும், அத அடக்கறதுக்கு குளுர வைக்கணும், சிஎம்எஸ்னு ஒரு டிடெக்டர் இருக்கு, அதோட உள் பகுதிய மைனஸ் 20 டிகிரி பக்கம் வச்சுத்தான் ஓட்டுறாங்க. குளுர வச்சா காத்துல ஈரம் இருக்கக்கூடாது, இருந்தா தண்ணி கோத்துக்கிட்டு எல்லாம் போச்சு. நம்ம ஊரு ஈரக்காத்துல லேப் வச்சு இத செய்யறவங்களுக்கு இதுவே தனி தலைவலி.

அந்த சிஎம்எஸ் எங்க இருக்குன்னா சுவிட்சர்லாந்து பிரான்ஸ் எல்லையில செர்ன்னு ஒரு எடம், பூமிக்கு அடியில சுமார் 100 மீட்டர் ஆழத்துல 27 கிலோமீட்டர் வட்டமா ஒரு சுரங்கம், அதுக்குள்ள எல்எச்சின்னு ஒரு ஆக்சிலரேட்டர், அதாவது துகள வேகமாக்கி மோத விடற மெஷின். ரெண்டு பக்கத்துலேருந்தும் புரோட்டான் கூட்டம் கூட்டமா வந்து 25 நானோசெகண்டுக்கு ஒருக்கா ஒன்ன ஒன்னு தாண்டிப் போகும், அப்படின்னா செகண்டுக்கு 4 கோடி தடவ. எல்லாத்தையும் எழுதி வைக்க முடியாது, அதனால எது வேணும் எது வேணாம்னு எலக்ட்ரானிக்ஸே கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள முடிவு பண்ணி கடைசில செகண்டுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் மட்டும் வச்சிக்கும். இத ட்ரிக்கர்னு சொல்லுவாங்க. தூக்கிப் போட்டது போட்டதுதான், திரும்ப வராது. அதனாலதான் ட்ரிக்கர் எழுதறவங்க நல்லா தூங்க மாட்டாங்க.

இது டிடெக்டர். உங்க மக சொன்னதுல இன்னொரு பாதி இருக்கு, ஆக்சிலரேட்டர் இன்ஸ்ட்ருமென்டேஷன், அது என்னன்னா துகள் கத்தையவே, அதாவது பீம், அது எங்க போகுது, எவ்வளவு இருக்கு, எங்க சிந்துதுன்னு பாக்குற கருவிங்க. பெயர் வாங்குறது எல்லாம் டிடெக்டர் ஆளுங்க, ஆனா என்னைக் கேட்டா இந்த பக்கம்தான் இன்னும் ருசியான வேலை. பீம் போற குழாயோட செவுத்துல நாலு பக்கமும் பொத்தான் மாதிரி நாலு உலோகத் துண்டு வச்சிருப்பாங்க, பீம் தாண்டறப்ப ஒவ்வொன்னுலயும் கொஞ்சம் சார்ஜ் எழும்பும், எடது பக்கம் கூட வந்தா பீம் எடது பக்கம் சாஞ்சு போகுதுன்னு அர்த்தம். எடதுலேருந்து வலத கழிச்சு மொத்தத்தால வகுத்தா எடம் தெரிஞ்சிடும். கணக்கு அவ்வளவுதான், ஃபார்ம் 3 பிள்ளை போட்டுடும், ஆனா நாலு கேபிளும் ஒரே நீளமா, ஒரே ஆம்ப்ளிஃபயரா, சூட்டுல ஒன்னு மட்டும் மாறுதான்னு பாக்குறதுலதான் வருஷங்கள் போகும்.

பீம் சிந்துதான்னு பாக்குறது அதவிட முக்கியம். எல்எச்சி டிசைன் பண்ணுன அளவுல ஒரு பீமுக்குள்ள இருக்கற சக்தி 362 மெகாஜூல், அரை டன் செம்ப உருக்கிடும். அத வளைச்சுக் கொண்டு போறதுக்கு 1,232 பெரிய காந்தம், எல்லாம் 1.9 கெல்வின்ல, அதாவது மைனஸ் 271 டிகிரில சூப்பர்கண்டக்டரா, தடையே இல்லாம கரண்ட் ஓடற மாதிரி இருக்கு, அதுல இத்துனூண்டு சூடு பட்டாலும் சூப்பர்கண்டக்டர் தன்மை போய்டும். அதனால வட்டம் பூரா கிட்டத்தட்ட 4,000 எடத்துல நைட்ரஜன் அடைச்ச அயனைசேஷன் சேம்பர் வச்சிருக்காங்க, அரை மீட்டர் நீளக் குழாய், காந்தத்துக்கு வெளிப்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கும். பீம்ல கொஞ்சம் செவுத்துல பட்டாலும் அங்கேருந்து துகள் மழை தெறிச்சு வரும், சேம்பர்ல கரண்ட் ஓடும், வரம்பு தாண்டுனா உடனே பீம மொத்தமா வெளிய தள்ளிடணும். பீம் ஒரு சுத்து வர்றதுக்கு 89 மைக்ரோசெகண்ட், மூணு நாலு சுத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடணும். மனுஷன் கை வைக்க நேரமே இல்ல. சும்மா சும்மா தள்ளுனா ஆராய்ச்சி நடக்காது, தள்ளாம விட்டா மெஷின் போய்டும், அந்த ரெண்டுக்கும் நடுவுல வரம்ப எங்க வைக்கறதுன்னு முடிவு பண்றதுக்குன்னே ஆளுங்க படிச்சு டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க.

2008 செப்டம்பர் 10ல எல்எச்சி மொத தடவ ஓடுச்சு, உலகமே பாத்துச்சு, ஒம்பது நாள் கழிச்சு ரெண்டு காந்தத்துக்கு நடுவுல ஒரு இணைப்பு சரியா இல்லாம, அங்க பொறி கெளம்பி, ஹீலியம் டன் கணக்குல வெளிய அடிச்சு, 50க்கு மேல காந்தத்த கழட்டி செப்பனிட வேண்டியதாயிடுச்சு. திரும்ப ஓட ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் அவங்க செஞ்சது என்னன்னா எல்லா இணைப்புலயும் நானோஓம் அளவுல தடை கூடுதான்னு எப்பவும் பாத்துக்கிட்டே இருக்கற ஒரு அளவு சாதனத்த சேத்தாங்க. அந்த வேலைக்கு போஸ்டர் கெடையாது, டிவியில வராது. ஆனா 2012 ஜூலை 4ல ஹிக்ஸ் போசான் கெடச்சிடுச்சுன்னு அறிவிச்சாங்களே, அந்த மாதிரி காவல் கருவிங்க இல்லன்னா அது இல்ல.

எனக்கு ரொம்ப பிடிச்ச கதை ஒன்னு இருக்கு, மகளுக்கு கட்டாயம் சொல்லுங்க. எல்எச்சிக்கு முன்னாடி அதே சுரங்கத்துல லெப்னு ஒரு ஆக்சிலரேட்டர் 1989லேருந்து 2000 வரைக்கும் ஓடுச்சு. இசட் போசான்னு ஒரு துகளோட எடைய துல்லியமா அளக்கணும், அதுக்கு பீமோட எனர்ஜி துல்லியமா தெரியணும். பாத்தா எனர்ஜி ஆடுது. ஒரு ஆட்டம் நிலாவால, கடல்ல அலை ஏறி எறங்கற மாதிரி பூமியோட மேல் ஓடும் நிலா இழுப்புக்கு ஏறி எறங்கும், 27 கிலோமீட்டர் வட்டம் ஒரு மில்லிமீட்டர் நீளும் சுருங்கும், அது பீம்ல தெரிஞ்சுச்சு. பக்கத்துல இருக்கற ஜெனீவா ஏரியில தண்ணி கூடுனா கொறஞ்சா அதுவும் தெரிஞ்சுச்சு. ஆனா இன்னொரு ஆட்டம் இருந்துச்சு, காந்தப் புலத்துல சின்ன சின்னதா குதிக்கும், பகல் பூரா இருக்கும், நடுராத்திரி தாண்டுனா அடங்கிடும், விடியக்காலை திரும்ப ஆரம்பிக்கும். மெஷின் பூரா தேடுனாங்க, ஒன்னும் கெடைக்கல. கடைசில 1995ல புரிஞ்சுச்சு, ரயிலு. அங்க ஓடற பிரெஞ்சு ரயில் டிசி கரண்ட்ல ஓடும், தண்டவாளம் வழியா திரும்பிப் போக வேண்டிய கரண்ட்ல கொஞ்சம் மண்ணுக்குள்ள எறங்கி, ஆத்து வழியா, லெப்போட பீம் குழாயவே ஒரு கம்பியா பாவிச்சு போய்க்கிட்டு இருந்துச்சு. ரயில்காரங்க வேலைநிறுத்தம் பண்ணுன அன்னைக்கு குதிப்பு இல்ல. டிஜிவி ரயில் ஜெனீவாவ விட்டு கெளம்பறப்ப தண்டவாளத்துல ஒரு மீட்டர், குழாயில ஒரு மீட்டர், காந்தத்துல ஒரு மீட்டர்னு வச்சு பாத்தா மூணுலயும் ஒரே வரைபடம். இத தெரிஞ்சு கழிச்சதாலதான் இசட்டோட எடை 91.1876 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்னு, லட்சத்துல ரெண்டு மூணு பங்குதான் சந்தேகம்னு எழுத முடிஞ்சுது. நம்ம ஊரு ஸ்டேஷன்ல ஈடிஎஸ் ரயில் தாண்டறப்ப எல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான், நம்ம லைன் ஏசி, அது வேற சங்கதி.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒரு கதை. 2011 செப்டம்பர்ல ஒபேரான்னு ஒரு குழு, செர்ன்லேருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில இருக்கற மலைக்கு அடியில நியூட்ரினோவ, எதுலயும் லேசுல மோதாம போற துகள, பிடிக்கறவங்க, நியூட்ரினோ வெளிச்சத்தவிட 60 நானோசெகண்ட் முன்னாடி வருதுன்னு சொன்னாங்க. ஐன்ஸ்டைன் தப்புன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அடுத்த வருஷம் தெரிஞ்சுது, ஒரு ஃபைபர் கேபிளோட முனை முழுசா திருகப்படல. நான் இத அவங்கள கொறை சொல்றதுக்கு சொல்லல, அவங்களேதான் தேடிப் பிடிச்சு அவங்களேதான் ஊருக்கு சொன்னாங்க, அந்த நேர்மை பெருசு. ஆனா ஒரு கேபிள் முனைக்கும் ஐன்ஸ்டைனுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பாருங்க.

மாமாமாருங்க மதிக்கற மாதிரி ஒன்னு வேணும்னா நோபல் பரிசு கணக்க சொல்லுங்க. சைமன் வான் டெர் மேர் ஒரு இன்ஜினியர், ஒரு பக்கம் துகள் கூட்டம் எவ்வளவு வெலகி வருதுன்னு அளந்து, அந்த சிக்னல வட்டத்துக்கு குறுக்கால அனுப்பி, துகள் சுத்தி வர்றதுக்குள்ள மறுபக்கம் ஒரு தட்டு தட்டி நேராக்கற வித்தைய கண்டுபிடிச்சார், அதாலதான் 1983ல டபிள்யூ, இசட் துகள் ரெண்டும் கெடச்சுது, 1984ல நோபல். ஜார்ஜ் ஷார்பாக் 1968ல வரிசையா மெல்லிசு கம்பிய கட்டி வாயு அடைச்ச ஒரு டிடெக்டர் செஞ்சார், அதுக்கு முன்னாடி எல்லாம் ஃபோட்டோ எடுத்து ஆளு உக்காந்து ஒன்னொன்னா பாத்துக்கிட்டு இருந்தாங்க, இவர் கம்பி நேரா எலக்ட்ரானிக்ஸுக்கு சொல்லுச்சு, 1992ல நோபல். ரெண்டு பேரும் கருவிக்காரங்க.

இதுல ஒரு பெண்ணோட கதையும் இருக்கு, பிபா சவுத்ரி, வங்காளத்துக்காரங்க. 1940 வாக்குல டார்ஜிலிங் மலை மேல ஃபோட்டோ தகட்ட வச்சு வானத்துலேருந்து வர்ற காஸ்மிக் கதிர பதிஞ்சு, டி எம் போஸ் கூட சேந்து மீசான் துகளோட எடைய கணக்கு போட்டு வெளியிட்டாங்க. யுத்த நேரம், நல்ல ரக தகடு கெடைக்கல, இருந்தத வச்சுத்தான் செஞ்சாங்க. அப்புறம் நல்ல எமல்ஷன், அதாவது தகட்டுல பூசற மருந்து, கெடச்ச செசில் பவல் 1947ல பையான்ங்கற மீசான கண்டுபிடிச்சு 1950ல நோபல் வாங்குனார். அறிவு கொறஞ்சு போகல அந்தம்மாவுக்கு, தகடுதான் கொறஞ்சுது. எனக்கு இத நெனச்சா இப்பவும் மனசு ஆறாது.

இது வெள்ளக்காரன் வேலைன்னு யாராச்சும் சொன்னா கோலார் தங்கவயல சொல்லுங்க. நம்ம தாத்தா பாட்டிங்க கப்பலேறி பால்மரத்துக்கு வந்த மாதிரி அங்க சுரங்கத்துக்கு போன தமிழாளுங்க ஏராளம். அந்த சுரங்கத்துல ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஆழத்துல டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பான்ல ஒசாகா, இங்கிலாந்துல டர்ஹம் மூணும் சேந்து டிடெக்டர் வச்சு 1965ல காத்து மண்டலத்துல உருவாகற நியூட்ரினோவ பிடிச்சாங்க, உலகத்துலயே மொத தடவயா பிடிச்ச ரெண்டு குழுவுல அது ஒன்னு. ஏன் அவ்வளவு ஆழம்னா மேல காஸ்மிக் கதிரால வர்ற மியூவான்ங்கற துகள் மழை பெஞ்சுக்கிட்டே இருக்கு, நம்ம மேலயும் இப்ப பெய்யுது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒன்னு கணக்கு. அந்த சத்தத்துக்கு தப்பிக்கணும்னா பாறைக்கு அடியில போகணும். ஊட்டியில கிரேப்ஸ் 3ன்னு இன்னொன்னு இருக்கு, 6 மீட்டர் நீள குழாய் 3,712 அடுக்கி மியூவான எண்ணுறாங்க. 2014 டிசம்பர் 1ல ஒரு இடிமழை மேகம் தாண்டுனப்ப மியூவான் எண்ணிக்கை கொறஞ்சத வச்சு அந்த மேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட் இருந்துச்சுன்னு கணக்கு போட்டு 2019ல வெளியிட்டாங்க. துகள எண்ணப் போய் இடிய அளந்துட்டு வந்தாங்க, கருவிய நல்லா தெரிஞ்சவங்களுக்கு இப்படி எல்லாம் கெடைக்கும்.

சரி, பொழப்பு. மலேசியாவுல இப்போதைக்கு பெரிய ஆக்சிலரேட்டர் கெடையாது, அத மறைக்க வேணாம். ஆனா யூனிவர்சிட்டி மலாயாக்காரங்க சிஎம்எஸ்ல உறுப்பினரா இருக்காங்க, அங்க சேந்தா கோலாலம்பூர்ல இருந்துக்கிட்டே அந்த டேட்டால வேலை செய்யலாம், செர்ன் வரைக்கும் போயிட்டு வரவும் வழி இருக்கு. பாங்கியில அணுசக்தி நிறுவனம் இருக்கு, 1982லேருந்து ஒரு மெகாவாட் ஆராய்ச்சி ரியாக்டர் இருக்கு, 30 லட்சம் வோல்ட் எலக்ட்ரான் பீம் மெஷின் இருக்கு, கந்தகம் போடாம கதிர்வீச்ச வச்சே ரப்பர் பால பதப்படுத்தற வேலை கூட அங்க நடந்திருக்கு. பக்கத்து நாட்டுங்களுக்கு போனா சிங்கப்பூர்லயும் தாய்லாந்துல நக்கோன் ராட்சசீமாலயும் சிங்க்ரோட்ரான்னு வட்டமான ஆக்சிலரேட்டர் இருக்கு, ரொம்ப தூரம் இல்ல.

அப்புறம் பினாங்கு. இத நம்மாளுங்க யாரும் யோசிக்கறதில்ல. சிஎம்எஸ் உள் பகுதியில 90 லட்சத்துக்கு மேல சிலிக்கான் பட்டை இருக்கு, ஒவ்வொன்னையும் தலைமுடியவிட மெல்லிசான அலுமினியக் கம்பியால சிப்போட சேக்கணும், அந்த வேலைக்கு பேரு வயர் பாண்டிங். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிங்க 1972லேருந்து இருக்கு, தோட்டத்துலேருந்து நம்ம அக்காமாருங்க ஃபேக்டரி பஸ்ல போய் மைக்ராஸ்கோப் கீழ செஞ்சது இதே வேலைதான். டிடெக்டர் லேப்ல சிலிக்கான டெஸ்ட் பண்ண கத்துக்கிட்ட பிள்ளைக்கு பினாங்கு, கூலிம் பக்கம் வேலைக்கு பஞ்சம் வராது, நான் கூட படிச்சவங்க பல பேரு அங்கதான் இருக்காங்க, நல்ல சம்பளம்.

ஆஸ்பத்திரி இன்னொரு வழி, நான் வந்த வழி. ரேடியோதெரபி குடுக்கற லீனாக்கும் ஆக்சிலரேட்டர்தான், காலையில மொத நோயாளி வர்றதுக்கு முன்னாடி அது குடுக்கற டோஸ் சரியான்னு அயனைசேஷன் சேம்பர் வச்சு சோதிக்கணும், எல்எச்சில இருக்கறதுக்கு சொந்தக்காரக் கருவிதான் அது. அங்க தப்புன்னா மெஷின் போகும், இங்க தப்புன்னா ஒரு மனுஷனுக்கு அடிபடும். இதுக்கு மெடிக்கல் ஃபிசிக்ஸ் மாஸ்டர்ஸ் வேணும், யூனிவர்சிட்டி மலாயாவுல இருக்கு. பெட் ஸ்கேன்ல இருக்கற கிறிஸ்டல் எல்லாமும் இதே துறையில வளந்ததுதான்.

மக இப்பவே செய்யறதுக்கு ஒன்னு சொல்றேன். காஸ்மிக் வாட்ச்னு எம்ஐடி ஆளுங்க போட்ட ஒரு டிசைன் இருக்கு, எல்லாருக்கும் இலவசம், துகள் பாஞ்சா மின்னற அஞ்சுக்கு அஞ்சு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் சின்டிலேட்டர், ஒரு சின்ன சிலிக்கான் லைட் சென்சர், ஆர்டுயினோன்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, எல்லாம் சேந்து 100 அமெரிக்க டாலர் வாக்குல வரும், ஸ்கூல் சயின்ஸ் கிளப் நாலு பேரு சேந்தா முடியும். நான் சொன்ன கணக்குப்படி நிமிஷத்துக்கு 25 மியூவான் தாண்டணும். எண்ணிப் பாத்தா சரியா அந்த நம்பர் வராது. ஏன் மாறுது, எது மியூவான் எது வெறும் நாய்ஸ், வீட்டு மாடிக்கும் கீழுக்கும் வித்தியாசம் இருக்கா, கேமரன் மலைக்கு எடுத்துட்டு போனா கூடுதா, இத ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதட்டும். அதுல அலுப்பு தட்டுனா இந்த வேலை அதுக்கு ஒத்து வராது, வேற ஃபிசிக்ஸ் நெறைய இருக்கு. ராத்திரி சாப்பாட்ட மறந்து அந்த நம்பர பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னா மாமாமாருங்க என்ன சொன்னாலும் நீங்க தடுக்காதீங்க அக்கா.

படிப்புல கணக்கு விடக்கூடாது, சி பிளஸ் பிளஸ், பைத்தான் ரெண்டும் வேணும், எலக்ட்ரானிக்ஸ் பாடம் விருப்பப் பாடமா இருந்தா கண்டிப்பா எடுக்கணும், சால்டரிங் கை பழகணும். யூனிவர்சிட்டி ஓப்பன் டேக்கு போனீங்கன்னா மூணு கேள்வி கேக்க சொல்லுங்க, டிகிரி பிள்ளைங்க லேப்ல கருவிய கையால தொட விடுவீங்களா இல்ல மாஸ்டர்ஸ் பிள்ளைங்களுக்கு மட்டுமா, கடைசி வருஷ புராஜெக்ட்ல ஹார்ட்வேர் இருக்கா இல்ல சிமுலேஷன் மட்டும்தானா, போன ரெண்டு மூணு வருஷத்துல இந்த குரூப்ல முடிச்சவங்க இப்ப எங்க வேலை செய்யறாங்க. மூணாவது கேள்விக்கு பேரும் எடமுமா டக்குன்னு பதில் சொல்ற லெக்சரர் கெடச்சா அவங்க கிட்டயே சேத்து விடுங்க.